காலிக் கோட்டையில் ஒரு வெளிச்சவீடு

1980-ஆம் வருடம், ஐப்பசி மாதம். கொடைக்கானல் கடைவீதியிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவில் எனக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. இன்ஸ்டிட்யூட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஆங்கில மெஷின் மூன்று, தமிழ் மெஷின் ஒன்று. காலையில் லோயர், ஹையர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து தட்டுவார்கள். மற்ற நேரத்தில் நான் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பேன்.

தமிழில் பட்டம் வாங்கியவன் நான். ஆசிரியர் வேலை கிடைக்காமல் தட்டச்சுக்கு வந்தவன். அந்தக் கோபமோ என்னவோ, தமிழ் விஷயத்தில் என்னிடம் ஒரு திமிர் இருந்தது. கொடைக்கானல் பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்கும். குதிரை ஓட்டுகிறவர் முதல் பழக்கடைக்காரர் வரை வாயைத் திறந்தால் சீசன், ரூம், வியூ, கைடு என்றுதான் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் சிவப்பு மையில் ஓர் அட்டை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். 'இங்கே மனுக்கள் நல்ல தமிழில் எழுதித் தரப்படும். சொல்ல வருகிறவர்களும் தமிழிலேயே சொல்லவும்.' யாராவது ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொன்னால் பேசாமல் அட்டையைக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள். பலர் பயந்துபோய், சொல்ல வந்ததையே பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. காகிதமெல்லாம் நமுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பழைய காக்கிக் கோட்டு, தலையைச் சுற்றி மப்ளர், கால்விரல் இடுக்கெல்லாம் உருளைக்கிழங்குத் தோட்டத்து மண். வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து அனுப்பி வைக்கப்பட்ட குடும்பம் அவருடையது. மலைக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அட்டுவம்பட்டி ஓரத்தில் குடியிருந்துகொண்டு, கூப்பிடுகிற தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வந்தார். அப்படிப்பட்ட குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கதை இருக்கும். நாங்கள் எல்லாரையும் 'சிலோன்காரங்க' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

"சம்சாரத்துக்கு இழுப்புங்க ஐயா. இந்தக் குளிர் ஒத்துக்கல்ல. டாக்டர் ஐயா சொல்லிட்டாரு, இன்னொரு மார்கழிய இங்க கழிக்க வேணாம், கீழ எறங்கிருங்க, கடக்கரைப் பக்கமா வெக்கையான எடம்னா நல்லம்னு. வேலையில்லாம எப்பிடிங்க எறங்குறது? மறுவாழ்வு ஆபீசுக்கு ஒரு மனு எழுதித் தாங்க" என்றார்.

'ஆபீசு' என்றதற்கு நான் புருவத்தை உயர்த்தினேன். அவர் சுவரைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் கொஞ்சம் சிறுத்துப் போனது.

"முன்னாடி என்ன சோலி பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"லைட்டு..." என்று ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கி அட்டையைக் காட்டினேன். அப்படியே நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சொல்லைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் போல மெதுவாகச் சொன்னார்.

"காலி கோட்டையில, வெளிச்சவீட்டு வேலைங்க. பதினோரு வருசம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதென்ன வெளிச்சவீடு? நான் படித்த எந்தத் தமிழிலும் அப்படி ஒரு சொல் இல்லை. அதுவும் காலியாகக் கிடக்கிற கோட்டையில்!

"கோட்டை காலியாவா கெடந்துச்சு?"

"ஓமுங்க, காலிதான்."

"அங்கிட்டு ஆளே இல்லையா?"

"ஏங்க இல்லாம? சனம் நெறைய. பள்ளிக்கொடம், பள்ளிவாசல், வேதக்கோயில் எல்லாம் கோட்டைக்கு உள்ளுக்குத்தானே இருக்கு."

"காலின்னு சொன்னீங்க?"

"காலிதானுங்க" என்றார் அவர், நான் எதைக் கேட்கிறேன் என்று புரியாமல்.

அப்போது பக்கத்து டீக்கடைக்காரர் எனக்கு டீ கொண்டுவந்தார். என் வயதுக்காரர், என் கூட்டாளி. எனக்கு ஆள் கிடைத்த குஷி. அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, அந்த வீட்டுல என்ன வேலை?" என்று கிளறினேன். பாவம், அந்த மனிதர் உண்மையாகவே கேட்கிறோம் என்று நம்பிச் சொன்னார். கோட்டை மதிலுக்கு மேலே வெளிச்சவீடு நிற்குமாம். உச்சியில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிகள். அவ்வளவு கனமும் ஒரு தொட்டிப் பாதரசத்தில் மிதக்குமாம். ஒரு விரலால் தள்ளினால் போதும், சுற்றுமாம். சொல்லும்போதே வலது கை ஆட்காட்டி விரலை நீட்டி, எதையோ மெல்லத் தள்ளுவது போலக் காட்டினார்.

"ஏலே, ஒரு வெரலாலயாம்!" என்று டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். எங்களுக்குக் கதை பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு கோட்டின் உள்பையிலிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து, அதன் முடிச்சை அவிழ்க்கப் போனார். "அதெல்லாம் அங்ஙனயே இருக்கட்டும். அவங்க கேட்டாக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் காகிதத்தை ஏற்றினேன்.

நான் அடித்த வாக்கியம் இன்னும் மனப்பாடம். 'மனுதாரர் இலங்கையில் ஆளரவமற்ற கோட்டையொன்றில், வீடுகளுக்கு விளக்கேற்றும் பணியினை ஆற்றி வந்தவர்.' பாதரசமும் கண்ணாடியும் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு நன்மை செய்வதாகத்தான் நினைப்பு. 'ஆளரவமற்ற' என்ற சொல்லில் எனக்குத் தனிப் பெருமை வேறு. உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "ஐயா எழுதினாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, முத்து முத்தான எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் சரிவில் அவருக்குக் 'காலிக்கோட்டை' என்று பெயராகிவிட்டது. வைத்தது நான். பரப்பியது டீக்கடைக்காரர். சந்தைக்கு வரும்போதெல்லாம், "என்ன காலிக்கோட்டை, வெளக்கெல்லாம் ஏத்தியாச்சா?" என்று யாராவது கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், கையைத் தூக்குவார். ரோஷம் இல்லாத மனிதர் என்று நான் நினைத்தேன்.

கார்த்திகை பிறந்தது. என் கடை வாசலில் ஒரு பலகை உண்டு. பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களை வெட்டி அதில் ஒட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறவர்களுக்காக ஒவ்வொன்றாகப் படித்தும் காட்டுவேன். அது என் பொதுச்சேவை. மெச்சிக்கொள்ளவும் ஆள் இருந்தது. அந்த வாரம் ஒரு விளம்பரம் வந்திருந்தது. தெற்குக் கடற்கரையில் உள்ள கலங்கரை விளக்கம் ஒன்றுக்கு உதவிப் பணியாள் தேவை, விளக்குப் பராமரிப்பில் முன் அனுபவம் வேண்டும், தாயகம் திரும்பியோருக்கு முன்னுரிமை. வேலையோடு குடியிருப்பும் உண்டு என்று போட்டிருந்தது.

'கலங்கரை விளக்கம்' என்று சொல்லக் கிடைத்ததே எனக்கு ஒரு சந்தோஷம். நிறுத்தி, அழுத்தம் கொடுத்து இரண்டு தடவை படித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர் முன்னே வந்தார்.

"ஐயா, கலங்கரை வெளக்கம்னா என்னாங்க?"

அந்தச் சொல்லின் வேர் எனக்குத் தெரியும். எந்தப் பழைய நூலில் வருகிறது என்று தெரியும். கலம் என்றால் கப்பல் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசியிருப்பேன், கேட்டவர் வேறு ஆளாக இருந்திருந்தால். அவரிடம் நான் சொன்னது இதுதான்: "அது ஒங்களுக்கு ஆகாதுங்க. முன் அனுபவம் கேக்குறாங்க."

"வெளக்குன்னு கேட்டுச்சே ஐயா?"

"வீட்டுல ஏத்துற வெளக்கு இல்லீங்க அது. வேற ஏதாச்சும் வந்தாச் சொல்றேன், போங்க."

"சரிங்க" என்றார். போகாமல் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட்டேன்.

மறுவாழ்வு அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவுக்குப் பதிலே வரவில்லை. ஆளரவமற்ற கோட்டையில் வீட்டு விளக்கேற்றினவருக்கு யார் என்ன வேலை கொடுப்பார்கள்? மார்கழி வந்தது. அந்த வருடம் நல்ல உறைபனி. காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது போல வெளுத்துக் கிடக்கும். ஒருநாள் காலையில் அவர் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு எங்கள் சரிவில் ஏறி வந்தார். அந்த அம்மாள் பத்தடி நடப்பார், நிற்பார். மூச்சு உள்ளே போகிற சத்தம் கடைக்குள் எனக்குக் கேட்டது. சரியாக என் வாசலுக்கு வந்ததும் முடியாமல் போய், பலகையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தக் கைக்குக் கீழேதான் அந்த விளம்பரம் இருந்திருக்கும். அவர்கள் வாழ வேண்டிய வீடு அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்தது. நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்கு அந்த மனிதர் இரண்டு தடவை கும்பிட்டார்.

அந்த அம்மாள் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். ஆனால் பழைய தெம்பு வரவில்லை.

மாசிக் கடைசியில் அவர் மறுபடி கடைக்கு வந்தார். அதே எண்ணெய்த்துணிப் பொட்டலம். "மடிப்பெல்லாம் கிழியப் பாக்குதுங்க. மலையில இது தாங்காது. ஒரு நகல் அடிச்சுத் தாங்க" என்று ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் பரப்பி வைத்தார். இங்கிலீஷில் இருந்த வேலைச் சான்றிதழ். நான் வாசித்துப் பார்க்கவில்லை. தட்டச்சுக்காரன் வாசிக்க மாட்டான். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

பெயர், வயது, வேலையில் சேர்ந்த வருடம் என்று அடித்துக்கொண்டே வந்தேன். 'லைட்' என்று அடித்தேன். அடுத்து 'ஹவுஸ்' என்று அடித்தேன். விரல் நின்றுவிட்டது.

லைட். ஹவுஸ். வெளிச்சம். வீடு.

சான்றிதழின் அடியில் வட்ட முத்திரை ஒன்று இருந்தது. மூன்று மொழிகளில். ஆங்கிலத்தில் ஓர் ஊர்ப் பெயர். அதற்கு நேரே தமிழில், கலங்கிய ஊதா மையில், இரண்டே எழுத்து: காலி.

காலி என்பது ஓர் ஊர். சிலோனின் தெற்கு முனையில், கடலோரத்தில். கோட்டை அந்த ஊர்க் கோட்டை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் என் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு இல்லை. "இத முன்னாடியே காட்டிருக்கலாமேங்க?" என்றுதான் கேட்டேன்.

"காட்ட வந்தேனுங்க" என்றார்.

"லைட்ஹவுஸ்னே சொல்லிருக்கலாமே?"

அவர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தமிழ்லதானே சொல்லச் சொன்னீங்க ஐயா. வெளிச்சவீடுன்னுதான் அங்க நாங்க தமிழ்ல சொல்லுவோம்."

குறையாகச் சொல்லவில்லை. விளக்கம் கேட்டதற்கு விளக்கம் சொன்னார், அவ்வளவுதான். நான் நகலை அடித்து முடித்தேன். இரண்டு இடத்தில் பிழை வந்தது. விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே போய்ப் பலகையில் ஒட்டியிருந்தவற்றை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மூன்று அடுக்குக்குக் கீழே அது இருந்தது. கடைசித் தேதி முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றே அந்தக் கடற்கரை முகவரிக்கு என் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினேன். நல்ல தமிழெல்லாம் ஓடிப்போய்விட்டது. 'தப்பு என்னுடையது, தயவுசெய்து இவரை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சித்தான் எழுதினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, வருந்துகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் நான் அட்டுவம்பட்டிப் பக்கம் போகவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் எனக்குப் பிடித்தும் இருந்தது. கடைசியில் ஒரு நாள் வெள்ளனே எழுந்து, டீ கூடக் குடிக்காமல் நடந்தேன். நடக்காமல் பஸ்ஸுக்கு நின்றிருந்தால் திரும்பி வந்திருப்பேன்.

அந்த அம்மாள் வாசலில் வெயில் விழுந்த இடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளேயிருந்து வந்து எனக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டார். உட்காராமலே விளம்பரத் துண்டை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் துண்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'கலங்கரை' என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இது வெளிச்சவீடா?"

"ஆமாங்க."

"என்னான்னு கேட்டேனே ஐயா" என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பேசியது அந்த அம்மாள்தான். பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டவருக்கு ஒரு சொல்லு சொல்ல ஐயாவுக்கு என்னா கொறைஞ்சு போச்சு?" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, கையைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்குகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கில் உட்கார்ந்தேன்.

"மறுபடி மனு எழுதுறேங்க. எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லுங்க. நீங்க சொல்ற வார்த்தையிலயே எழுதிக்கிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், எதிரே மஞ்சு ஏறுகிற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கோட்டையை முதலில் போர்த்துக்கீசர் போட்டார்களாம். அவர்களை விரட்டிவிட்டு வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கருங்கல்லும் பவளக்கல்லும் வைத்துக் கடலோரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்களாம். பீரங்கி வைப்பதற்கென்று மூலைக்கு மூலை கொத்தளங்கள். பிறகு இங்கிலீஷ்காரர் வந்தபோது, துறைமுகத்து வாயிலில் கிடந்த பாறைகளில் கப்பல்கள் மோதாமல் இருக்க இரும்பிலேயே ஒரு வெளிச்சவீடு வைத்தார்கள். சீமையில் வார்த்துத் துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி வந்து, அங்கே பூட்டியதாம். கொழும்பில் துறைமுகம் பெரிதான பிறகு காலிக்கு வருகிற கப்பல் குறைந்துபோனது. விளக்கு மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் அந்த இரும்பு வெளிச்சவீடு தீயில் போய்விட்டது. தீ எப்படிப் பிடித்தது என்பதற்குக் கோட்டைக்குள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்களாம்.

"அதுக்குப் பொறகுதான் கொத்தளத்து மேல புதுசா வெள்ளையா ஒண்ணு கட்டினாங்க. அதுக்கு எங்க அப்பா மண்ணு சொமந்தாரு. ரப்பர் தோட்டத்துல பேர் வெட்டி வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு கோட்டைக்கு வந்த மனுசன். தான் மண்ணு சொமந்த கட்டடத்துல மகன் மேல நின்னு கண்ணாடி தொடைக்கிறான்னு அவருக்கு ஒரு இது" என்றார். பீரங்கி நின்ற இடத்தில் விளக்கு நின்றது என்று சொல்லும்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். பாய்மரத் தோணிக்காரர்கள் தூரத்திலிருந்தே எண்ணுவார்களாம், எத்தனை எண்ணுக்கு ஒரு தடவை வெளிச்சம் வருகிறது என்று. எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அது காலி. அதனால் கண்ணாடி சுற்றுகிற வேகம் ஒரு சொட்டும் மாறக்கூடாதாம்.

நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"கடையில எல்லாரும் காலிக்கோட்டைன்னு கூப்பிடுறீங்க தானே ஐயா. இந்த மலையில எங்க ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிடவும் நாலு பேர் இருக்காங்கன்னு இவகிட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டுக்குவேன்."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மாள் தலை குனிந்துகொண்டார். அது கேலி என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். விளம்பர விஷயத்தைச் சொல்ல எப்படியோ தைரியம் வந்தது. இதைச் சொல்ல மட்டும் இன்றுவரை வரவில்லை.

கடைக்கு வந்ததும் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு, "நாம சிரிச்சப்ப அவரும் சிரிச்சாரேப்பா" என்றார். அதற்கப்புறம் அந்த மனிதர் சந்தைக்கு வந்தால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் அவருக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் திடீரென்று ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று யோசித்திருப்பார்.

புது மனு பல இடங்களுக்குப் போனது. 'வெளிச்சவீடு' என்று அவர் சொல்லையே முதலில் போட்டு, 'அதாவது கலங்கரை விளக்கம்' என்று பக்கத்தில் போட்டேன். விளக்கு வேலை எங்கும் கிடைக்கவில்லை. ஆவணியில் தெற்குக் கடற்கரையில் ஓர் உப்பளத்தில் ஆள் எடுத்தார்கள். அடுத்த மார்கழிக்கு முன்னால் இறங்கினால் போதும் என்று அதற்கே சம்மதித்து, மூட்டை முடிச்சோடு வத்தலக்குண்டு பஸ் ஏறினார்கள். நான் வழியனுப்பப் போனேன். அந்த அம்மாள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "வாறோம்" என்று ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. அதே முத்து முத்தான எழுத்து. சம்சாரத்துக்கு இழுப்பு ரொம்பக் குறைந்துவிட்டது, சமதரையில் நன்றாக நடக்கிறாள், மேடு மட்டும் ஏற முடிவதில்லை என்று எழுதியிருந்தார். உப்பளத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் வெளிச்சவீடு தெரிகிறது, இருட்டினதும் எண்ணிப் பார்ப்பேன், எண்ணிக்கை சரியாகத்தான் வருகிறது என்று எழுதியிருந்தார். சாயங்காலம் கொஞ்ச நேரம் அதில் பொதுமக்களை ஏறிப் பார்க்க விடுகிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போயிருக்கிறார்கள். அவள் படி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டாள், நான் மட்டும் மேலே போனேன், கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், 'தொடாதீர்கள்' என்று எழுதிப் போட்டிருக்கிறது, தொடவில்லை என்று இருந்தது.

கார்டின் அடியில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ மனுவில் என் கையாலேயே அடித்த பெயர். ஆனால் அந்த இடத்தில் அவர் அதைப் போடவில்லை. 'இப்படிக்கு, உங்கள் காலிக்கோட்டை' என்று எழுதியிருந்தார்.

இப்போதும் மனு எழுத வருகிறவர்கள் எனக்குத் தெரியாத ஒரு சொல்லைச் சொன்னால், மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டுவிடுகிறேன், ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரு மனிதர் பதில் கிடைக்காமல் என் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றது மட்டும் என் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.